மூன்று கால் முயல்

டமால் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஏதோ ஒரு உலோகச் சாமான் மரப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்குவதுபோல ணங், ணங், ணங். கடைசியில் ஓர் உருளல். பிறகு அமைதி. பழம்பொருள் ஏலக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சத்தம் பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு அமைதி வந்தால்தான் எழுந்து ஓடுவோம்.

"அக்கா, நான் போடல. அதுவா விழுந்துச்சு."

டமாரத்தின் குரல். எங்கள் கூடத்தில் சாமான் தூக்கி இறக்குகிறவர். காலையில் அவர் காதில் விழுந்த சேதி மத்தியானத்துக்குள் தெருமுனை டீக்கடை வரை போய்விடும் என்பதால் அந்தப் பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் நான்தான் அக்கா. அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்களுக்கு நான் பூதக்கண்ணாடி.

மாடிப்படி முடிகிற இடத்தில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கைக்கடக்கமான வெள்ளி நகைப்பெட்டி. அரைமணி முன்புதான் என் மேஜையில் இருந்தது. பார்த்து முடித்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு, கீழே படம் பிடிக்கும் அறைக்கு அனுப்பியிருந்தேன். இப்போது மூடி கழன்று சுவரோரம் ஒதுங்கியிருந்தது.

"ஒண்ணும் அடிபடலையே?" என்றேன்.

"எனக்காக்கா, பெட்டிக்கா?"

"பெட்டிக்குத்தான்."

"அதானே. பத்து வருஷமா இங்க என்னை யாரும் கேட்டதில்லை."

மூடியை எடுத்தேன். உள்பக்கம் ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெட் அட்டை பாதி பிய்ந்து நாக்கைப்போலத் தொங்கியது. அழுத்தி ஒட்டிவிடலாம் என்று கட்டை விரலை வைத்தபோது அடியில் ஏதோ நெருடியது. வெல்வெட்டை மெல்ல விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு முயல் இருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய வெள்ளிச் சாமான்களின் அடியில் குட்டி குட்டியாகச் சில முத்திரைகள் இருக்கும். ஒன்று வெள்ளியின் தரத்தைச் சொல்லும், ஒன்று செய்த பட்டறையைச் சொல்லும். பட்டறை முத்திரையைப் படித்து இது இன்னார் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து இல்லாத வெள்ளிச் சாமான் ஏலப் பட்டியலில் ஏறாது. முத்திரை இல்லாத பழைய பெட்டிக்கு ஒரு மதிப்பு. அதே பெட்டியில் முயல் இருந்தால் அதைப்போலப் பத்து மடங்கு. முயல் பட்டறையை நடத்தியவர் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ஓடுகிற, துவரம்பருப்பு அளவு முயல் ஒன்றுதான் அவர் விட்டுப்போனது. பத்தொன்பது வருஷத்தில் என் கைக்கு வந்தவை எட்டே எட்டு. இந்தப் பெட்டி ஒன்பதாவது.

பெட்டியின் அடியில் இருந்த முயலைக் காலையிலேயே பார்த்திருந்தேன். பின்பாதி நன்றாகத் தேய்ந்திருந்தது. பல கைகள் துடைத்துத் துடைத்துப் பழைய முத்திரைகள் தேய்வது சகஜம். ஆனால் வெல்வெட்டுக்கு அடியில் இருக்கிற முயலை யார் துடைத்தார்கள்? இது நேற்று அடித்ததுபோல ஒவ்வொரு மயிரும் தெரிய நின்றது. முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியே ஒரு கேள்வி. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு பட்டறைக்காரன் எதற்குத் தன் முத்திரையை அடிப்பான்? பெயரைச் சொல்லத்தானே முத்திரை? மறைவான இடத்தில் அடிக்க ஒரே காரணம்தான் உண்டு. புது அச்சு எப்படி விழுகிறது என்று பார்க்கிறவன் அப்படி அடிப்பான். அதுவும் மூடியின் வெளிப்பக்கம் முழுக்கப் பூ வேலைப்பாடு. உள்ளே அடித்த அடி வெளியே புடைத்தாலும் பூவோடு பூவாகப் போய்விடும். கெட்டிக்காரன்தான்.

ஜன்னல் பக்கம் போய் லென்ஸைக் கண்ணில் வைத்தேன். காது இரண்டு, வால் ஒன்று, முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் ஒன்று.

மறுபடியும் எண்ணினேன். ஒன்றுதான்.

"என்னக்கா, முகமே சரியில்லை? பேய் கீய் பார்த்தீங்களா?" என்றார் டமாரம்.

"பெட்டி கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டும். படம் அப்புறம் எடுத்துக்கலாம்னு சொல்லிடுங்க. வேற எதையும் சொல்லாதீங்க."

"நான் எங்கக்கா சொல்லப்போறேன்" என்று மனம் புண்பட்டவர்போல நகர்ந்து போனார்.

முயல் பட்டறையின் முயலுக்கு நாலு கால். நான் பார்த்த அசல்கள் எல்லாவற்றிலும் நாலு கால்தான். உலகத்தில் ஒரே ஒரு முயலுக்குத்தான் மூன்று கால். அதை உண்டாக்கியவள் நான்.

முத்திரையைப் பதிவு செய்ய எங்களிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் சாமானைக் காட்டினால் முத்திரைமேல் புகைக்கரி படியும். அதன்மேல் ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்து, வெள்ளை அட்டையில் ஒட்டினால் முத்திரை அப்படியே, அதே அளவில் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பால் குவளையில் இருந்த முயலை அப்படி எடுத்தேன். குவளை மெழுகுவர்த்தியில் பட்டு, பின்னங்கால்மேல் ஒரு துளி மெழுகு ஒட்டியதைக் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் கரி படியாமல் போய், அட்டையில் முயல் ஒரு காலை இழந்து வந்தது. சுத்தமாகத் துடைத்து இன்னொன்று எடுத்து, அதை அலமாரியில் சேர்த்தேன். அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று கூடத்து முதலாளி மேடத்திடம். அதிலிருக்கும் அட்டை ஒன்றுகூடக் கூடத்தை விட்டு வெளியே போனதில்லை.

வெளியே போனது அந்த மூன்று கால் அட்டை ஒன்றுதான்.

அன்றைக்குக் கூடத்தின் வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்ட ஓர் ஆள் வந்திருந்தார். பலகையை அவரே வெட்டியிருந்தார். எழுத்துகள் அவ்வளவு அழகு. பலகையைத் துடைக்க என்னிடம் ஒரு துணி கேட்டு வந்தவர், மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார்.

"இது என்னங்க, முயலா?"

"ஆமா. அது வேண்டாம், தூக்கிப் போடணும். வேற எடுத்துட்டேன்."

"இவ்வளவு அழகா இருக்கு, தூக்கிப் போடுவாங்களா? எனக்குக் குடுத்துடுங்க." கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு இதுவே போதும்."

எதுவே போதும்? ஒரு கால் இல்லாவிட்டாலும் போதும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பார்க்க வந்த இரண்டு இடம், தடித்த கண்ணாடி போட்ட பெண் என்று தட்டிப்போயிருந்தது. குறையைப் பார்த்தும் சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற ஓர் ஆள். எட்டாவது மாதம் கல்யாணம்.

பர்ஸ் நாலு மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்த அட்டை புதுப் பர்ஸின் கண்ணாடி உறைக்குள் போய் உட்கார்ந்தது. மற்ற ஆண்கள் பெண்டாட்டி படத்தை வைத்திருக்கும் இடத்தில் என் வீட்டுக்காரர் முயலை வைத்திருந்தார். எங்களுக்குள் சண்டை வந்தால், "நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிப்பீங்களே" என்பேன். உடனே அவர் சிரித்துவிடுவார். சண்டை அதோடு தீர்ந்துவிடும். வேறு யாருக்கும் புரியாத ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் மட்டும் இருக்கிறது என்று பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் முன்பு பர்ஸில் அந்த உறை காலியாக இருந்தது. கேட்டதற்கு, "மேல இருந்த பிளாஸ்டிக் உரிஞ்சு வந்துடுச்சும்மா. புதுசா லேமினேட் பண்ணக் குடுத்திருக்கேன்" என்றார். ஒரு வாரத்தில் பளபளவென்று திரும்பி வந்தது. என்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அதற்கு அடுத்த மாதம் கூடத்துக்கு ஒரு வெள்ளித் தட்டு வந்தது. அடியில் முயல். பின்பாதி தேய்ந்திருந்தது. ஆறு வருஷம் கழித்து வந்த முயல் என்பதால் சின்னப் பிள்ளைபோலக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது அதே பேச்சு.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அடி அவ்வளவு சுத்தமா விழுந்திருக்குங்க. அதெல்லாம் அந்தக் காலத்துக் கை."

"இந்தக் காலத்துல அப்படி யாராலயும் முடியாதா?"

"சான்ஸே இல்லை."

அன்றைக்கு அவர் இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டார். வழக்கமாக இரவில் அளவாகச் சாப்பிடுகிறவர். அந்தச் சோறு எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. போன மாதம் ஒரு மெழுகுவர்த்தித் தண்டு. அதிலும் முயல். அதிலும் பின்பாதி தேய்வு. அதற்கும் என் கையெழுத்து. மூன்றாவதாக இந்தப் பெட்டி. முயல் குட்டி போடுவதுபோல மாதத்துக்கு ஒன்று வருகிறதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. எனக்கு முயல் பிடிக்கும். அது யாருக்குத் தெரியும் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

மேடத்தின் அறைக் கதவு திறந்தது. "நகைப்பெட்டி சீட்டு வந்துடுச்சாம், பெட்டியக் காணோமாமே? ரெண்டு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகுதும்மா."

"மூடியில ஒரு சந்தேகம் மேடம். ஒரு மணி நேரம் குடுங்க. நான் வெளியே ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடுறேன்."

"உனக்கே சந்தேகமா? அப்ப நாங்கல்லாம் கண்ணை மூடிக்க வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். ஏலக்காரர்கள் கடன் கொடுத்தாலும் நம்பிக்கை கொடுக்க மாட்டார்கள் என்பார்கள். அவர் எனக்குக் கொடுத்திருந்தார். இரண்டு மணிக்குள் நான் வாயைத் திறக்காவிட்டால் மூன்றாவது போலியும் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே போகும். திறந்தால், முதல் கேள்வியே, அந்த அட்டை யாரிடம் இருந்தது என்பதுதான். இரண்டில் ஒன்றைத்தான் நான் காப்பாற்ற முடியும். ஒன்று என் கையெழுத்து. இன்னொன்று என் வீடு.

மூடியை மட்டும் கைத்துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் கடை நாலு தெரு தள்ளி. பெயர்ப்பலகை, கோப்பை, பதக்கம், ரப்பர் ஸ்டாம்ப் என்று முகப்பில் வரிசையாக எழுதியிருக்கும். உள்ளே நுழைந்ததும் பித்தளைப் பொடி நெடி. ஒரு டாக்டரின் பெயர் பாதி வெட்டப்பட்டு இடுக்கியில் நின்றது. ஓரமாகப் போன வருஷம் வாங்கிய கம்ப்யூட்டர் மெஷின். ஒரு படத்தைக் காட்டினால் போதும், எவ்வளவு கெட்டியான இரும்பிலும் அதை அப்படியே வெட்டிக் கொடுத்துவிடும் என்று வாங்கிய அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். இப்போது புருவத்தில் எல்லாம் பொன்னிறப் பொடியோடு நிமிர்ந்தார்.

"என்னம்மா இந்த நேரத்துல? சாப்டியா?"

கைத்துண்டைப் பிரித்து மூடியைக் கவிழ்த்து வைத்தேன். வெல்வெட்டை ஒரு விரலால் விலக்கினேன். அவர் பார்த்தார். புருவத்தில் இருந்த பொடி கொஞ்சம் உதிர்ந்தது. என்னிடம் "இது என்ன" என்று கேட்டிருந்தால்கூட ஒருவேளை நான் என்னை ஏமாற்றிக்கொண்டு திரும்பிப் போயிருப்பேன். அவர் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கடையின் கதவைச் சாத்தினார்.

"வெல்வெட்டை ஏன் பிரிச்ச?"

"நான் பிரிக்கல. விழுந்துச்சு."

"நல்லாத்தான் ஒட்டியிருந்தேன்" என்றார், தனக்குத்தானே சொல்கிறவர்போல.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பெட்டி பழசுதான்" என்று ஆரம்பித்தார். "நிஜமாவே பழசு. வெள்ளியும் நல்ல வெள்ளி. நான் ஒண்ணும் தகரத்தை வெள்ளின்னு விக்கல. ஒரு தரகர் வந்தாரு. ஒரு சின்ன அச்சு வேணும், முயல் மாதிரி, அடிச்சதும் பழசாத் தெரியப் பின்பாதியைத் தேய்ச்சுக் குடுக்கணும்னாரு. எங்கிட்ட இருந்துச்சு. செஞ்சேன்."

"யாரு பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்கன்னு தெரியும்ல?"

இடுக்கியின் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

"தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"தெரியும்." துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சதாலதான் செஞ்சேன். இந்தத் தெருவுல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? பூதக்கண்ணாடி வீட்டுக்காரர். உங்க கூடத்து வாசல்ல இருக்கிற பலகை என் கையால வெட்டினது. பத்தொன்பது வருஷமா அது வழியாத்தான் போறீங்க, வரீங்க. யாராவது ஒருத்தர், இது யார் வெட்டினதுன்னு கேட்டிருக்காங்களா? உன் கண்ணு, உன் கண்ணுன்னு ஊரே பேசுது. என் கை உன் கண்ணைத் தாண்டுமான்னு ஒரு தடவை பார்க்கலாம்னு நெனச்சேன்."

"ஒரு தடவையா?"

"தாண்டிடுச்சே." அந்த இடத்தில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அவரால் அதை மறைக்க முடியவில்லை. "அந்தத் தட்டைப் பத்தி நீ சொன்னியே, அந்தக் காலத்துக் கைன்னு. கல்யாணமான நாள்லேர்ந்து என் வேலையைப் பத்தி நீ அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் வெட்டுகிற எழுத்துகள் அழகு என்று மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், வாயால் சொன்னதாக ஞாபகம் இல்லை. அதற்காக என்னைக் கேலிப்பொருளாக்கி, எதிரே உட்கார்ந்து சோறு போட்டுச் சாப்பிட வேண்டுமா? சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே முக்கால்.

"இதோட நிறுத்திடுறேன்" என்றார். "அச்சை உருக்கிடலாம். அந்த வெல்வெட்டை நானே ஒட்டிக் குடுத்துடுறேன், அஞ்சு நிமிஷ வேலை. நீ போட்ட கையெழுத்து அப்படியே இருக்கட்டும். யாருக்கும் தெரியாதும்மா. நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நீயும் நிக்காத."

சிரிக்க முயன்றார். எப்போதும் நான் சொல்கிற வார்த்தை. முதல் தடவையாக அவர் சொல்கிறார். அது அவர் வாயில் தெருவில் யார் வேண்டுமானாலும் சொல்கிற வெறும் பழமொழியாக இருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

கைப்பை அதிர்ந்தது. மேடம்.

"என்னம்மா, பெட்டி பட்டியல்ல போகுதா, இல்லையா? அச்சகத்துக்காரன் உயிரை எடுக்கிறான்."

அவர் தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம் என்று. கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"போக வேண்டாம் மேடம்" என்றேன். "பெட்டி பழசு, முத்திரை புதுசு. நம்ம தட்டும் அந்தத் தண்டும் அப்படித்தான். நான்தான் பாஸ் பண்ணேன். வாங்கினவங்களைக் கூப்பிடணும். யாரு அடிச்சதுன்னு நேர்ல வந்து சொல்றேன்."

அந்தப் பக்கம் பட்டியல் தாள் புரளும் சத்தம். பிறகு, "வா" என்று மட்டும் கேட்டது. எப்போதும் கூடவே வரும் "ம்மா" இல்லை.

போனை வைத்தேன். அவர் பலகை மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூடியைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, அந்த முயலையே பார்த்தார். வெட்டி முடித்த பலகையைக் கொடுப்பதற்கு முன்பு அவர் ஒரு முறை ஊதுவார், பொடி போகட்டும் என்று. அதேபோல முயல்மேல் ஊதினார்.

"இதுல எங்க தப்பு விட்டேன்?" என்றார். "வெல்வெட்டுக்கு அடியில அடிச்சதாலயா?"

"அது இல்லை."

"அப்புறம்? வரி மாறல, ஆழம் மாறல. அந்த அட்டையில இருந்ததை மெஷின் முடி பிசகாம வெட்டியிருக்கு. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பர்ஸைக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி உறைக்குள் இருந்து அட்டையை உருவினேன். புது லேமினேஷன் இன்னும் பளபளத்தது. மூடிக்குப் பக்கத்தில் வைத்து, என் லென்ஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"எண்ணுங்க."

"எதை?"

"காலை."

லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தார். பழக்கம் இல்லாததால் கொஞ்சம் தடுமாறி, கிட்டே போய், தள்ளி வந்து, ஒரு வழியாகப் பிடித்தார். மூடியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பின் எழுத்தை எண்ணுகிறபோது முணுமுணுப்பதுபோல உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. லென்ஸை எடுக்காமலே, ஒரு கண் பெரிதாகத் தெரிய, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா பர்ஸுலதானே வச்சிருக்கேன். ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கலையேம்மா."